மாட்டு மடி முதல் பட்டுப்புழு வரை: ஹார்மோன் ஏற்பிகள் – கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. விலங்கியல் டீச்சராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கன்னுக்குட்டி செத்துப்போச்சுங்க டீச்சர். மாடு பால் எறக்க மாட்டேங்குது. ஆக்ஸிடோசின் ஊசி போடச் சொல்றாங்க. அதே மருந்து மண்புழு உடம்புலயும் இருக்குன்னு பையன் சொல்றான். நெசமாங்க?

அதேதான் இல்லை, அதன் பங்காளி இருக்கிறது. ஆக்ஸிடோசின் ஒரு ஹார்மோன்; 9 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கண்ணிகள்) கோத்த சின்ன மூலக்கூறு. மண்புழுவில் அனெடோசின், ஆக்டோபஸில் செஃபலோடோசின், கோழியில் வாசோடோசின் என்று ஒரே குடும்பம். மண்புழுவிலும் கோழியிலும் முட்டையிடும் வேலையில் இதற்குப் பங்குண்டு. மாட்டில் பால் இறக்குகிறது. வேலையைத் தீர்மானிப்பது ஏற்பி, அதாவது ரிசப்டர்; ஹார்மோன் வந்து ஒட்டும் செல்லின் புரதம். மூலத்தரா வாய்க்கால் தண்ணீர் எல்லார் காட்டோரமும் ஓடும். மடை வைத்த காடுதான் நனையும். ஹார்மோனும் ரத்தத்தில் உடம்பெல்லாம் சுற்றும். ஏற்பி உள்ள செல் மட்டுமே கேட்கும்.

மடியில் பால் பைகளைச் சுற்றியுள்ள தசை போன்ற செல்களில் அந்த ஏற்பி இருக்கிறது. ஆக்ஸிடோசின் வந்து ஒட்டியதும் அவை சுருங்கிப் பாலைத் தள்ளும். ஆனால் அது ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். மாடு பயந்தால் அட்ரினலின் ஏறி அந்த வேலையைக் கெடுக்கும். ஆகவே மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவி நீவிவிடுங்கள், தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் பீச்சுங்கள், அதட்டாதீர்கள். தினசரி ஊசி வேண்டவே வேண்டாம். பழகிவிட்டால் ஊசியில்லாமல் பால் இறங்குவது குறையும். மாட்டு டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டும் போடுங்கள்.

பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் மீனுக்கு எதற்கு? (கல்லூரி மாணவி)

உப்பைக் காக்க. நன்னீரில் வாழும் ஜிலேபி மீனின் உடம்பிலிருந்து உப்பு ஓயாமல் வெளியே கசியும். செவுளிலும் சிறுநீரகத்திலும் உள்ள ஏற்பிகள் வழியாக அதைத் தடுப்பது புரோலாக்டின். புறாவில் இதே ஹார்மோன் தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையில் குஞ்சுக்கான பாலை உண்டாக்குகிறது, ஆண் புறாவிலும்கூட. மடி என்ற உறுப்பே தோன்றாத காலத்து ஹார்மோன் இது. மடி வந்தபின் அங்கேயும் ஏற்பி அமைந்தது.

ஹார்மோன் முதலில் வந்ததா, ஏற்பி முதலில் வந்ததா? (பிளஸ் டூ மாணவன், வேலந்தாவளம்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி தம்பி. எல்லா ஹார்மோனுக்கும் ஒரே விடை கிடையாது. ஆனால் ஆல்டோஸ்டிரோன் விஷயத்தில் ஏற்பிதான் மூத்தது. இது நம் உடம்பில் உப்பைத் தேக்கும், ஸ்டீராய்டு வகை ஹார்மோன்.

இன்றைய விலங்குகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மூதாதை ஏற்பி எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, அதை ஆய்வகத்தில் உண்டாக்கியே பார்த்தது ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ஜோ தார்ன்டன் குழு. 2006-ல் முடிவு வெளிவந்தது. அந்தப் பழைய ஏற்பி ஆல்டோஸ்டிரோனுக்கு நன்றாகவே இணங்கியது. அந்தக் காலத்தில் ஆல்டோஸ்டிரோனே இல்லை! வடிவில் நெருங்கிய வேறு ஸ்டீராய்டுகளுக்காக இருந்த ஏற்பி அது. பின்னர் மரபணு இரட்டித்தது. ஒரு பிரதி உப்பைப் பார்த்துக்கொண்டது. இன்னொன்று கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனுக்கென ஒதுங்கியது. அதில் 2 அமினோ அமிலங்கள் மாறியதே ஆல்டோஸ்டிரோனைக் கைவிட வைத்த முக்கியக் காரணம்.

ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் என்ன ஆகும் என்பதற்கு மனிதரிலேயே சான்று உண்டு. அந்த உப்பு ஏற்பியின் 810-வது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி 2000-ல் வெளியிட்டார்கள். சாதாரணமாக இந்த ஏற்பியை அடக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், அவர்களுக்கு அதைத் தூண்டிவிட்டது. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறும்போது ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குப் போனது.

தலைப்பிரட்டைக்குத் தைராய்டு கொடுத்தால் சீக்கிரம் தவளையாகுமா?

ஆகும். குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி 1912-லேயே தைராய்டுச் சுரப்பியைத் தின்னக் கொடுத்துக் காட்டிவிட்டார். வளருமுன்பே உருமாறி, குட்டிக் குட்டித் தவளைகள் வந்தன.

ஆனைமலைங்க. பட்டுப்புழுவுக்கு ஒரு மருந்து தெளிச்சா எல்லாம் ஒண்ணா கூடு கட்டப் போகுது. அது கைல பட்டா நமக்கு ஏதாச்சும் ஆகுமா?

அது செடியிலிருந்து எடுத்த எக்டைஸோன் வகை. தோலுரிக்கவும் கூட்டுப்புழுவாகவும் பூச்சிக்கு உத்தரவிடும் ஹார்மோன். 1954-ல் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம்தான் பிரித்தெடுக்க முடிந்தது. அதற்கான ஏற்பி இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்தது. அதில் ஒன்றின் உறவுக்காரப் புரதம் நம் செல்லிலும் இருக்கிறது. ஆனால் எக்டைஸோனைப் பிடிக்கும் மற்றது நமக்கில்லை. கையில் பட்டால் அந்த ஹார்மோன் உத்தரவு நம்மிடம் எடுபடாது, கழுவிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மெத்தாக்ஸிஃபெனோசைட் போன்ற புழுக்கொல்லிகள் இதே ஏற்பியில் ஒட்டித்தான் காய்ப்புழுவைக் கொல்கின்றன. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி இனம்தான். பக்கத்துக் காட்டில் அதை அடிக்கும் நாளில் காற்று உங்கள் பக்கம் வீசினால், அந்த மல்பெரி இலையைப் புழுவுக்குப் போடாதீர்கள்.