சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உருப்படியாக வேலை முடிப்பது எப்படி?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரி. டவுனில் சில சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மூத்தவன் பாலர் பள்ளிக்குப் போகிறான், சின்னவள் இன்னும் தவழ்கிறாள். அதனால் 'விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுங்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை. ராத்திரி எழுந்து எழுந்து பால் கொடுப்பவளிடம் அப்படிச் சொல்கிறவரை ஒரு வாரம் எங்கள் வீட்டில் விட வேண்டும்.

நேரம் போதாததைவிடப் பெரிய தொல்லை, விட்ட இடத்தைத் தேடுவது. பிள்ளை அழுகிறாள் என்று போய்த் திரும்பி வந்தால், எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று யோசிப்பதிலேயே பொழுது போய்விடும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், மனம் பாதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்குமாம். எழுவதற்கு முன் எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்று குறித்து வைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது என்று 2018-இல் வந்த ஆய்வில் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து காட்டினார்.

என் மேசையில் மஞ்சள் ஒட்டுத்தாள் எப்போதும் இருக்கும். நேற்று எழுதியது இது: 'ஹார்ட்வேர் கடை. மார்ச் பேங்க் கணக்கு 14 வரை சரிபார்த்தாச்சு. 15-இல் 320 வெள்ளி (ரிங்கிட்) யாருக்குப் போனது? முதலாளியைக் கேட்கணும்.' அழுகைச் சத்தம் கேட்டதும் முதலில் பேனாவைத்தான் எடுப்பேன். அரை நிமிடம் பிள்ளை அழுதால் ஒன்றும் ஆகாது.

அப்புறம், எந்த வேலைக்குத் தலை வேண்டும், எதற்குக் கை மட்டும் போதும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சின்னவள் தூங்கும்போது நான் பாத்திரம் கழுவ மாட்டேன். அவள் விழித்திருக்கும்போதும் பாத்திரம் கழுவலாம், பேங்க் கணக்கு பார்க்க முடியாது. ரசீதுகளைக் கடைவாரியாகப் பிரிப்பது, போன் போட்டுப் பணம் கேட்பது எல்லாம் பிள்ளைகள் முழித்திருக்கும்போதுதான். மூத்தவனும் கூடவே உட்கார்ந்து ரசீதுகளை நிறவாரியாக அடுக்குவான். அவன் போனதும் மறுபடி அடுக்கணும், சரி, போகட்டும்.

கெடுவை முன்னால் இழுத்து வையுங்கள். கடைக்காரர்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கட்டும் ஊழியர் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) இரண்டுக்கும் மாதம் 15-ஆம் தேதி கடைசி. என் நாட்காட்டியில் அது 10. பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது எப்போதும் 14-ஆம் தேதிதான்.

என் அத்தை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது என்பதால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் வழியில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில், அதாவது தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விட்டுவிட்டுப் போவாராம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு மரம் வெட்டு என்று வேலையை மேய்க்கும் கங்காணிகூடச் சொன்னதில்லை. நாம்தான் மடியில் பிள்ளை, மேசையில் மடிக்கணினி என்று உட்கார்ந்து, வேலை ஓடவில்லை என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். ரப்பர் தோட்டம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமாகி, ஜனங்கள் டவுனுக்கு வந்த பிறகு அந்தக் கொட்டகை இல்லை. அதனால் வாரத்தில் சில காலை வேளைகளாவது அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, பராமரிப்பு நிலையம் என்று யாரிடமாவது விடுங்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு, 'உதவி' என்று இல்லை.

நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால், 2023 ஜனவரி முதல் மலேசிய வேலைச் சட்டத்தின்படி நெகிழ்வான வேலை நேரமோ இடமோ கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லணும், மறுத்தால் காரணமும் தரணும். பதிவு பெற்ற பராமரிப்பு நிலையம் அல்லது பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு, ஆறு வயது வரையுள்ள பிள்ளை என்றால், ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வரிக் கழிவும் உண்டு. கணவன் மனைவி இருவரில் ஒருவர்தான் கேட்க முடியும். ரசீதை ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருங்கள்.