இடித்த கான்கிரீட் ஜல்லியைக் கூரைத் தளத்துக்குப் போடலாமா?
பாலக்கோட்டில் பழைய மாடியை இடித்த கான்கிரீட்டை ஜல்லியாக உடைத்து, புதுக் கூரைத் தளம் முழுக்க அதையே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கல்லைச் சுற்றிப் பழைய சிமெண்ட் கலவை ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தண்ணீரை உறிஞ்சும். அது வழியாகக் காற்றும் ஈரமும் சீக்கிரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டில், அதுவும் எம்25 என்ற வலுத் தரம் வரைக்கும்தான், ஜல்லியில் 20 சதவீதம் வரை இதைக் கலக்க, ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 383 (2016) அனுமதிக்கிறது. அஸ்திவாரத்துக்கு அடியில் எம்15-க்கும் குறைந்த தரத்தில் போடும் பிசிசிக்கு (கம்பி இல்லாத கான்கிரீட்) முழுக்கவே போடலாம், அங்கே தாராளமாகப் பயன்படுத்துங்கள். செங்கல், பூச்சுத் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, முந்தின நாளே நனைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். அப்புறம், தளத்துக்குப் புதுக் கருங்கல் ஜல்லியே வாங்குங்கள், உங்கள் பக்கம் அதற்கா பஞ்சம்?