பழைய லேப்டாப்பே போதும், படத்தை வெட்டத் தெரிந்தால்

கேள்வி: நிலவியல் முதுகலை மாணவி நான். எங்கள் வட்டாரத்து ஏரிகள் எட்டு, பத்து ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கின, செம்மண் மேடுகளில் இரும்பு ஆக்சைடு எங்கே மிகுந்திருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்க வேண்டும். கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். ஒரு படத்தைத் திறந்தாலே உறைந்துவிடுகிறது. புதுக் கணினியும் விலைக்கு விற்கும் மென்பொருளும் இல்லாமல் நடக்காது என்கிறார் சீனியர். உண்மையா?

பதில்: இரண்டுமே வேண்டாம். படத்துக்கே காசு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் லேண்ட்சாட் 7 எடுத்த படம் ஒன்று 600 டாலர். 2008இல் லேண்ட்சாட் களஞ்சியம் முழுவதும் இலவசமானது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015இல் தொடங்கியதிலிருந்தே இலவசம். மென்பொருளுக்கு கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இருக்கிறது. அதுவும் இலவசம், முதுகலை ஆய்வுக்குத் தாராளமாகப் போதும்.

லேப்டாப் ஏன் உறைகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்டினல்-2 படம் ஒன்று பக்கத்துக்கு 110 கிலோமீட்டர். 10 மீட்டர் பிரிதிறனில், அதாவது ஒரு பிக்சல் தரையில் பக்கத்துக்கு 10 மீட்டர் என்றால், அது 10,980க்கு 10,980 பிக்சல், அதாவது 12 கோடிக்கு மேல். ஒரு பட்டைக்கு, அதாவது ஒரே ஒரு ஒளி வகையில் எடுத்த படத்துக்கு மட்டும் சுமார் 240 எம்பி. இரண்டு பட்டைகளை வகுத்துத் தசம எண்ணாகச் சேமித்தால் 480 எம்பி. நான்கைந்து பட்டைகளை ஒன்றாகத் திறந்தால் எந்தப் பழைய லேப்டாப்தான் திணறாது? உங்களுக்குத் தேவை பக்கத்துக்கு 20 கிலோமீட்டர் உள்ள சதுரம் என்று வையுங்கள். 2,000க்கு 2,000 பிக்சல், பட்டைக்கு 8 எம்பி. முப்பதில் ஒரு பங்கு! ஆகவே முதல் வேலை வெட்டுவது, மற்றதெல்லாம் பிறகு. பலர் முழுப் படத்திலும் கணக்கை முடித்துவிட்டுக் கடைசியில் வெட்டுகிறார்கள். அது தலைகீழ் வழி.

இணையம் நன்றாக இருந்தால், கூகுளின் கணினிகளிலேயே படங்களை அலசித் தரும் கூகுள் எர்த் எஞ்சினும் கைகொடுக்கும். கணக்கு அங்கேயே நடக்கும், விடை மட்டும் உங்களிடம் வரும். வணிக நோக்கமில்லாத ஆய்வுக்குக் கட்டணம் இல்லை.

இனி ஏரி. நீர் சிற்றலை அகச்சிவப்பு என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒளியை விழுங்கிவிடும், பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். பச்சையிலிருந்து சிற்றலை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். சென்டினலில் இவை 3ஆம், 11ஆம் பட்டைகள். விடை பூஜ்யத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர். 11ஆம் பட்டையின் பிரிதிறன் 20 மீட்டர் என்பதால் 25 பிக்சல் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதத்துப் படத்தை எடுங்கள். மேக நிழலும் நீர்போலவே கறுப்பாகத் தெரியும்; எல்2ஏ (வளிமண்டலத்தின் தாக்கத்தைத் திருத்திய) கோப்போடு வரும் வகைப்பாட்டு அடுக்கை வைத்து மேகத்தையும் நிழலையும் முதலில் நீக்கிவிடுங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரி இந்தக் கணக்கில் தரையாகிவிடும். சுருங்கியது ஏரியா, பரவியது தாமரையா என்று இயற்கை நிறப் படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது பசுமைக் குறியீடு; பயிர் செழித்தால் அது கூடும். ஒரு வயல்வெளியில் அது 2022இல் திடீரென்று சரிந்தது. வறட்சி என்றே எழுதத் தொடங்கிவிட்டேன். பயிரோ செழிப்பாக நின்றது! காரணம், 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். சிவப்பு 500, அண்மை அகச்சிவப்பு 4000 என்றால் வித்தியாசம் 3500, கூட்டு 4500, குறியீடு 0.78. அதே வயல் புதிய கோப்பில் 1500, 5000 என்று வரும், குறியீடு 0.54. கழித்தலில் 1000 அடிபட்டுப் போகிறது, கூட்டலில் அடிபடுவதில்லை. பழைய படங்களையும் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருப்பதால் படத்தின் தேதியை மட்டும் நம்பாதீர்கள். கோப்போடு வரும் விவரக்குறிப்பில் (மெட்டாடேட்டா) செயலாக்கப் பதிப்பு 04.00 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1000ஐக் கழித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஏரிக் கணக்குக்கும் இதே விதிதான்.

இரும்பு ஆக்சைடுக்குச் சிவப்பை நீலத்தால் வகுங்கள், 4ஆம் பட்டையை 2ஆம் பட்டையால். விகிதம் கூடக்கூடச் செம்மை கூடும். கோடைப் படமே நல்லது. செடிகொடி மறைத்த பிக்சல்களைப் பசுமைக் குறியீட்டால் ஒதுக்கிவிடுங்கள். இந்த ஒளி தரையின் தோலை மட்டும்தான் தொடும். ஒரு மீட்டர் ஆழத்தில் என்ன தாது என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

விகிதம் கூடிய திட்டுகளிலும் குறைந்த திட்டுகளிலும் மண் மாதிரி எடுங்கள், கூடியவற்றில் மட்டும் அல்ல. இடத்தைக் குறிக்கப் போனின் ஜிபிஎஸ் போதும். அது சில மீட்டர் தள்ளிக் காட்டும், பிக்சலோ 10 மீட்டர்தான். அதனால் திட்டின் ஓரத்தில் நிற்காமல் நடுவில் நின்று அள்ளுங்கள்.