மீனுக்கு மருந்து வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை நிறுத்துங்கள்

கேள்வி: நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். இரண்டடித் தொட்டி வாங்கி நான்கு வாரங்கள் ஆகின்றன. ஐந்து கோல்டு ஃபிஷ் விட்டோம். ஞாயிறுதோறும் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, கூழாங்கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் நன்றாகக் கழுவி, புதிதாகப் போர் தண்ணீர் நிரப்புகிறோம். அன்றைக்கும் மறுநாளும் மீன்கள் உற்சாகமாக நீந்துகின்றன. வியாழன், வெள்ளி வந்தால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்றின் வாலில் சிவப்புக் கோடுகள். தண்ணீர் பால் கலந்ததுபோல் இருக்கிறது. கடைக்காரர் நீல மருந்தும் மஞ்சள் கேப்ஸ்யூலும் கொடுத்தார். மூன்று நாள் போட்டோம். நேற்று ஒரு மீன் இறந்துவிட்டது. இது என்ன நோய்? வேறு என்ன மருந்து போடலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் விடை நீங்களே எழுதியிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. கழுவிய அன்று நன்றாக இருக்கின்றன, வியாழனில் திணறுகின்றன என்கிறீர்கள். எந்தக் கிருமியும் கிழமை பார்த்து வருவதில்லை. ஒட்டுண்ணியோ பாக்டீரியாவோ என்றால் முதலில் ஒரு மீன் சுணங்கும், பிறகு இன்னொன்று, அதன் பிறகு மற்றவை. எல்லா மீன்களும் ஒரே நாளில் திணறி, தண்ணீர் மாற்றியதும் ஒரே நாளில் தேறினால் கோளாறு தண்ணீரில்தான். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை 'என்ன மருந்து' என்றுதான் முடிகின்றன. நான் பதிலுக்குக் கேட்பது 'தண்ணீரைப் பரிசோதித்தீர்களா' என்பது. உங்களிடமும் அதையே கேட்கிறேன்.

மீனின் கழிவில் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியா வரும். பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா இந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இவை தண்ணீரில் மிதந்து வாழ்பவை அல்ல. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்பவை. போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நீங்கள் அழுக்கு என்று தேய்த்துக் கழுவியது அந்தப் படலத்தைத்தான். நான்கு வாரத் தொட்டி என்கிறீர்கள். என் கணக்கில் அது ஒரு வாரத் தொட்டி, நான்கு முறை.

ஞாயிறு தோறும் அமோனியா பூஜ்யத்துக்கு வருகிறது. தின்று கழிக்கும் ஐந்து மீன்கள் வியாழனுக்குள் அதை மறுபடி ஏற்றிவிடுகின்றன. இதில் போர் தண்ணீரின் பங்கும் உண்டு. அமோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. மற்றது செவுளைச் சுடும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) வெப்பமும் தீர்மானிக்கின்றன. நம் ஊர் 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சு உருவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் 6 சதவீதத்துக்கும் மேல். சென்னைப் புறநகர்ப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, பிஎச் 8-ஐ ஒட்டியது. ஒரே தீனி, ஒரே மீன்; ஆனாலும் பிஎச் குறைந்த மென்நீர் ஊரில் தப்பிக்கும் மீன் இங்கே சாகும்.

வாலில் தெரியும் சிவப்புக் கோடுகளும் அமோனியாவின் எரிச்சலாலேயே இருக்க வாய்ப்பு அதிகம். துடுப்பு அழுகல் என்றால் ஓரம் கிழிந்து, நைந்து, குட்டையாகிக்கொண்டே வரும். நீங்கள் அப்படி எழுதவில்லை. பால் போன்ற கலங்கல், கழுவிக் காலியாக்கிய தொட்டியில் வேறு பாக்டீரியா சட்டென்று பெருகுவதால் வருவது. தானாகவே தெளியும். ஆனால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை அதுவும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும்.

இனி மருந்துகள். நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும். மீன் முட்டைகளைப் பூஞ்சையிலிருந்து காக்க நல்ல பொருள், தனி வாளியில். ஃபில்டர் ஓடும் தொட்டியில் ஊற்றினால் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். மஞ்சள் கேப்ஸ்யூல் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் என்றால், கடின நீரிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் போர் தண்ணீரில் மீனுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கை இப்படித் தொட்டியில் கொட்டும் பழக்கத்தைக் கடைக்காரர்கள் விட்டாலே பாதி மீன் பிழைக்கும் என்பது என் நெடுநாள் எரிச்சல்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. இரவே பெரிய டப்பில் போர் தண்ணீர் பிடித்து, காற்றுக் கல் போட்டு விடிய விடிய ஓடவிடுங்கள். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு மிகுந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்கும். (தண்ணீர் மாற்றிய அடுத்த நிமிடமே மீன் திணறுகிறது என்று எழுதுபவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் குளோரினைச் சந்தேகியுங்கள். கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளைப் பயன்படுத்தலாம்.) காலையில் தொட்டி நீரில் பாதியை எடுத்துவிட்டு இந்த நீரை மெதுவாக ஊற்றுங்கள். மருந்தும் பாதி வெளியேறும். அடுத்த ஒரு வாரம் தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். கூழாங்கல்லைத் தொடாதீர்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே ஒரு வாளியில் இரண்டு முறை அமுக்கி எடுங்கள்; அது போதும். இரண்டு நாள் தீனியே வேண்டாம். குழந்தைகள் கேட்க மாட்டார்கள்தான், ஆனால் தங்கமீன் இரண்டு நாள் பட்டினியில் சாகாது. அதன் பிறகு ஒரு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

தெரிந்தவர் வீட்டில் மாதக்கணக்கில் நோயின்றி ஓடும் தொட்டி இருந்தால், அதன் ஃபில்டர் பஞ்சில் பாதியை வெட்டி வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். கடையில் புட்டியில் விற்கும் எந்த பாக்டீரியாவும் இதற்கு ஈடாகாது. காசும் இல்லை.

தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள், சொட்டு விடும் வகையாக. பெரும்பாலான காகிதப் பட்டைகள் அமோனியாவைக் காட்டாது. ஒரு வாரத்துக்குமேல் ஆகி அமோனியா இறங்கத் தொடங்கும்போது நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்து நைட்ரைட் ஏறும். வாரந்தோறும் கழுவியதால் நீங்கள் இதுவரை அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். நைட்ரைட் கலந்தால் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், செவுள் பழுப்பாகும், காற்றுக் குமிழி கொப்பளித்தாலும் மீன் திணறும். இதற்கு நம் சமையலறைக் கல் உப்பு நல்ல காவல். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். லிட்டருக்கு 1 கிராம் போதும். உங்கள் தொட்டி நிகரமாக 50 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 50 கிராம், தனியே கரைத்து, ஒரு நாளில் இரண்டு தவணையாக. 15 லிட்டர் தண்ணீர் மாற்றினால் 15 கிராம் மட்டும் சேருங்கள். ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக ஊற்றும்போது உப்பு வேண்டாம், உப்பு ஆவியாவதில்லை. தொட்டியில் செடி இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கசப்பான ஒன்றும் சொல்ல வேண்டும். 50 லிட்டரில் ஐந்து தங்கமீன் என்பது தொடக்கத்திலேயே தவறான கணக்கு. கையகலம் வளரும் மீன் அது, வயிறும் பெரிது, கழிவும் பெரிது. மிஞ்சிய நான்கில் இரண்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் இந்தத் தொட்டி சில மாதங்களுக்குத்தான்.

அமோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகும் மீன் சுணங்கினால், அப்போது நோயைத் தேடுவோம். உடல் முழுக்க உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் வந்தால் வெள்ளைப்புள்ளி நோய். அந்த ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துபவர்களுக்கு அது திரும்பி வருவது இதனால்தான். ஆனால் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெண்மணிகள் தெரிந்தால் அது நோயே அல்ல. ஆண் தங்கமீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராவதன் அடையாளம். அதற்கும் மருந்து ஊற்றிக் கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

நாட்கள் செல்லச் செல்ல உங்கள் மீன்களின் வாலோரத்திலோ உதட்டிலோ கறுப்புத் திட்டுகள் தோன்றலாம். அமோனியா சுட்ட இடம் ஆறும்போது தங்கமீன் தோல் கறுப்பது வழக்கம், போகப் போக மங்கிவிடும். அதைப் பார்த்து மறுபடி கடைக்குப் போகாதீர்கள்.