"கால் கடிக்குது" என்றால் ஆங்கிலத்தில் என்ன?

கேள்வி: சீனி வருத்தத்துக்கு அம்மாவைக் கிளினிக் கூட்டிப் போனேன். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மா "கால் கடிக்குது" என்றதை நான் "பைட்டிங்" என்றேன். நாய் கடித்ததா என்று கேட்டார். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: "இட்ச்", அதாவது அரிப்பு, என்று சொல்லியிருக்க வேண்டும், தங்கச்சி. நம்மூரில் நாயும் கடிக்கும், தோலும் கடிக்கும். ஆங்கிலத்தில் தோல் "பைட்" பண்ணாது.

"அம்மாவுக்குக் கால் நோகுது" என்போம். ஆங்கிலத்தில் உறுப்பை முன்னுக்கு வையுங்கள்: "ஹேர் லெக் ஹேர்ட்ஸ்." உழைவுக்கு "ஏக்ஸ்". "பெயினிங்" என்றாலும் இங்குள்ள டொக்டர்மாருக்கு விளங்கும், வெட்கப்பட வேண்டாம். தலை சுற்றினால் "டிஸ்ஸி", நினைவு தப்பி விழுந்தால் "ஃபெயின்டட்". இரண்டையும் நாம் மயக்கம் என்றுதான் சொல்கிறோம்.

எரிவில்தான் கவனம் வேண்டும். "ஹேர் ஃபீட் பேர்ன்" என்றால் பாதம் எரியுது. "ஷி பேர்ன்ட் ஹேர் ஃபீட்" என்றால் சூடு பட்டுவிட்டது. ஆளை முன்னுக்குப் போட்டதும் உணர்வு காயமாகிவிடும். "ஷி ஹேர்ட் ஹேர் லெக்" என்றாலும் அப்படித்தான், அடிபட்டதாக அர்த்தம். சீனி வருத்தக்காரருக்கு எரிவும் வரும், சூட்டுப் புண்ணும் வரும். விறைத்த கால் சுடுநீரில் வெந்தாலும் தெரியாது. அதனால் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லவே கூடாது.

கிளினிக் வாசலில் "நான் கதைச்சுத் தாறன்" என்று காசு கேட்பவரிடம் அம்மாவை விடாதீர்கள். கடி, உழைவு, எரிவு, விறைப்பு எல்லாம் அவர் வாயில் ஒரே "பெயின்" ஆகிவிடும். 30 நாளில் மருத்துவ ஆங்கிலம் என்று சேர்க்கிற வகுப்புகளும் இப்படித்தான். அங்கே படித்த பிள்ளை ஒன்றின் கொப்பியைப் பார்த்தேன்: பக்கம் பக்கமாக நோய்ப் பெயர்கள், "நோகுது" என்று சொல்ல ஒரு வசனம் இல்லை. சட்டிபிகேட் மட்டும் பளபளப்பு.

1987ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழியானது. இன்னமும் ஒரு தாயின் கால் எரிவைச் சொல்ல மகள் ஆங்கிலம் தேடி அலைகிறாள். எனக்கு இது பொறுக்கவில்லை. ஆகவே முதலில் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. கிடைக்காவிட்டால், முதல்நாள் இரவே அம்மாவிடம் எந்தக் கால், எப்போதிருந்து, கடியா எரிவா என்று கேட்டு, ஆங்கில வசனத்தைத் தமிழ் எழுத்தில் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.