பட்ஜ் ஏன் தலைகுனிகிறது?

(வாசகர் கேள்வி பதில்)

போன மாதம் இந்தப் பகுதியில் பஸ்ஸில் தொலைந்துபோன ஒரு பட்ஜைப் பற்றி இரண்டு வரி எழுதப்போய், வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே வந்து சேர்ந்திருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் மாணவத் தலைவர்களுக்குக் கேடய வடிவில் உலோகப் பட்ஜ் கொடுக்கிறோம். பின்பக்கம் நடுவில் ஒரு ஊசி. ஒரு தவணை முடிவதற்குள் சிலர் தொலைத்துவிடுகிறார்கள், மற்றவர்களின் சேர்ட்டில் ஓட்டை விழுந்துவிடுகிறது. தொலையாத பட்ஜும் முகம் குப்புறத் தொங்குகிறது. அடுத்த வருடத்துக்கு 120 செய்யவேண்டும். புதிதாக ஒன்றைப் பிள்ளைகளையே வடிவமைக்கச் சொல்லலாமா?
– ஆசிரியை ஒருவர், வெள்ளவத்தை

பதில்: கட்டாயம் சொல்லுங்கள் ரீச்சர். ஆனால் பட்ஜ் செய்து தருபவரிடம் போய் நின்றால், "இன்னும் தடிப்பான ஊசி போட்டுத் தருகிறேன்" என்பார், அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். ஊசி தடிக்கத் தடிக்க சேர்ட்டில் ஓட்டை பெரிதாகுமே தவிர பட்ஜ் நிமிராது.

வீட்டில் சாமிப்படம் மாட்டியிருப்பீர்கள். சட்டத்தின் நடுப்பகுதியில் கயிற்றைக் கட்டி மாட்டினால் படம் முன்னால் சாய்ந்து நம்மைப் பார்த்துக் கும்பிடும், அதே கயிற்றை மேல் விளிம்புக்குக் கிட்டக் கட்டினால் சுவரோடு ஒட்டி நிற்கும். பட்ஜுக்கும் இதே கணக்குத்தான். அதன் பாரம் துணிக்குள் இல்லை, துணிக்கு முன்னால் இருக்கிறது, ஆகவே எப்போதும் முன்னால் சாயத்தான் பார்க்கும். ஊசியை மேலே ஏற்றிவிட்டால், ஊசிக்குக் கீழே உள்ள நீளமான பகுதி நெஞ்சில் சாய்ந்துகொண்டு அந்தச் சாய்வைத் தாங்கிக்கொள்ளும். 5 சென்ரிமீற்றர் உயரமான கேடயம் என்றால் ஊசி மேல் விளிம்பிலிருந்து ஒன்று, ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குள் வரட்டும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவு எதுவும் இல்லை, பட்ஜ் செய்பவர் ஊசியை ஒட்டும் இடத்தை மாற்றினால் போதும்.

அடுத்தது சுழலுவது. ஒற்றை முளையில் தொங்கும் எதுவும் சுழலும். கிடையாக நீளமான ஊசி, அல்லது இடைவெளி விட்டு இரண்டு முளைகள், இந்த இரண்டில் ஒன்று வேண்டும். ஊசி என்றால் அகலத்தின் மூன்றில் இரண்டு பங்காவது நீளம் இருக்கட்டும், குத்தும்போது துணிக்குள் போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் வரவேண்டும். ஒரே குத்தில் முடித்தால் பட்ஜின் பாரம் முழுவதும் நாலைந்து நூலிழையில் தொங்கும், வெள்ளைச் சீருடைத் துணி எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பூட்டு விஷயத்துக்கு வருவோம். நம் வீட்டு ஊக்கை யாரும் ஒரு கண்டுபிடிப்பாக மதிப்பதில்லை. வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் 1849 ஏப்ரல் 10ஆம் திகதி அதற்குக் காப்புரிமை எடுத்தார், 15 டொலர் கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டொலருக்கு விற்றுவிட்டார் என்பது ஊரறிந்த கதை. கதை கிடக்கட்டும், அவர் செய்த வேலையைப் பாருங்கள். ஒரு முனையில் கம்பியைச் சுருட்டி அதையே ஸ்பிரிங் ஆக்கினார், மறுமுனையில் ஊசியின் நுனிக்கு ஒரு தொப்பி வைத்தார். அந்த ஸ்பிரிங் ஊசியை எப்போதும் தொப்பியின் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், அதாவது திறக்கப் பார்க்கும் விசைதான் அதைப் பூட்டியும் வைத்திருக்கிறது. உங்கள் பட்ஜின் ஊசியோ ஒரு சின்னக் கொக்கிக்குள் சும்மா படுத்திருக்கிறது, புத்தகப்பையின் வார் கீழிருந்து மேலாக இரண்டு தரம் உரசினால் எழும்பி வந்துவிடும். பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான்: இழுத்தால் இறுகுகிறதா, திறக்கிறதா?

என்னைக் கேட்டால் 120க்கும் ஊசியே வேண்டாம். தோட்டுக்குச் சுரை இருக்கிறதல்லவா, அதே யோசனைதான். பட்ஜின் பின்னால் மேல்பக்கமாக, 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் மரை வெட்டிய இரண்டு குட்டி முளைகள், உள்ளேயிருந்து அவற்றுக்குத் திருகும் சுரைகள். சேர்ட்டின் பொக்கட் வாயில் துணி ஏற்கெனவே மடித்துத் தைத்திருப்பதால் அதுதான் பலமான இடம், அங்கே தையற்காரரிடம் கொடுத்து இரண்டு சின்ன ஓட்டைகளுக்குப் பொத்தான் ஓட்டை மாதிரி விளிம்பு தைத்துக்கொள்ளுங்கள். உட்பக்கம் துணிக்கும் சுரைக்கும் நடுவில் ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் பட்டி, அதிலும் இரண்டு துளை. பாரம் இப்போது நூலிழையில் இல்லை, பட்டி முழுவதிலும் பரவிவிடும். கழுவும் நாளில் கழற்றுவது சுலபம், தினமும் புதிய ஓட்டை விழுவதும் இல்லை. முளையின் நுனி நெஞ்சில் குத்தாதபடி மூடிய சுரையாக வாங்குங்கள்.

ஒரு விஷயம், சுரை நடையின் அதிர்வில் தானாகத் தளரும். முளையில் ஒரு சுற்று நூல் சுற்றிவிட்டுத் திருகினால் பிடித்துக்கொள்ளும். தோடு தொலைத்த அனுபவம் உள்ள எந்த அம்மாவும் இதைச் சொல்லித் தருவார்.

120க்கும் முற்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று மாதிரி செய்யச் சொல்லி, பழைய சேர்ட்டில் மாட்டிச் சோதியுங்கள். பட்ஜில் அரைக் கிலோ சீனிப் பையை ஒரு இரவு தொங்கவிடுங்கள். அப்புறம் ஒரு பிள்ளை அதை அணிந்து நூறு தரம் கயிறு அடிக்கட்டும். பையின் வாரால் கீழிருந்து மேலாக உரசிப் பாருங்கள், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் பின்னேரம் நின்று வரும் பிள்ளைக்கு நடப்பது அதுதான். கடைசியாக, கையால் வெடுக்கென்று இழுங்கள். எது முதலில் தோற்கிறது என்று கவனிக்கவேண்டும். துணி கிழிந்தால் பட்டியை அகலமாக்குங்கள். ஊசி வைத்த மாதிரி என்றால், ஊசி திறந்துகொண்டு பாதி துணியிலேயே தொங்கி நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், விளையாட்டு நேரத்தில் அது இன்னொரு பிள்ளையின் கையைக் கிழிக்கும், அப்படியொரு மாதிரியை உடனே ஒதுக்கிவிடுங்கள். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு உலோகமே வேண்டாம், துணியில் தைத்த சின்னம் போதும்.

கேள்வி: ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை. சேலையில் பெயர்ப் பட்டி அணியவேண்டும். ஊக்குக் குத்தினால் சேலை பாழ். காந்தம் வைத்த பட்டி நல்லதா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: சேலைக்குக் காந்தம் நல்லதுதான் தங்கச்சி, ஓட்டையே விழாது. ஆனால் பெட்டியில் "இத்தனை கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறவேண்டாம். அந்தக் கணக்கு தடிப்பான இரும்புத் தகட்டில் இடைவெளியே இல்லாமல் ஒட்டி, நேராக இழுத்துப் பார்த்தது. உங்களுக்கோ நடுவில் மடிப்பு மடிப்பாகச் சேலையும் இரவிக்கையும். இடைவெளி கொஞ்சம் கூடினாலே காந்தத்தின் பிடி மளமளவென்று குறையும். போதாததற்குப் பட்டி நேராகப் பிடுங்கிக்கொண்டு விழுவதில்லை, வழுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது, பக்கவாட்டில் வழுக்குவதற்கு எதிரான பிடி நேர் இழுப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பட்டு என்றால் இன்னும் வழுக்கும். ஆகவே ஒற்றைக் காந்தம் வேண்டாம், இரண்டு மூன்று காந்தம் பதித்த நீளப் பட்டியாக, உள்பக்கத் துண்டு றப்பர் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள். தோளில் எல்லா மடிப்புக்கும் மேலாக ஒட்டாமல் ஒன்றிரண்டு மடிப்பை மட்டும் பிடிக்கும்படி வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் இதை அணியவே கூடாது, வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களின் நெஞ்சிலிருந்து 15 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கட்டும், அணிந்தபடி கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். மற்றது சின்னப் பிள்ளைகள். இந்த நியோடிமியம் காந்தங்கள் இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடற்சுவரையே துளைத்துவிடும். அப்படி நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், "தானாக வெளியே வரும்" என்று காத்திருக்கிற விஷயமில்லை. வேலை முடிந்து வந்ததும் பட்டியைக் கைப்பையின் மேல் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

காந்தம் ஒத்துவராது என்றால் ஊக்கையே பாவிக்கலாம், ஆனால் குத்துவதற்கு முன் ஊசியில் ஒரு சின்ன மணியைக் கோர்த்துச் சுருள் பக்கம் தள்ளிவிடுங்கள். சேலையைக் கிழிப்பது பெரும்பாலும் ஊசியின் நுனி இல்லை, துணி போய்ச் சிக்கிக்கொள்ளும் அந்தச் சுருள்தான்.

கேள்வி: வீட்டிலேயே பட்ஜ் செய்து விற்கிறேன். பின்னால் ஊசியை சுப்பர்குளூ போட்டு ஒட்டினேன். ஒரு கலியாணவீட்டுக்கு 80 கொடுத்தேன், பாதி ஊசி மண்டபத்திலேயே கழன்று விழுந்து மானம் போய்விட்டது. நல்ல பசை எது?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, பசையில் மட்டும் பிழை சொல்ல முடியாது. சுப்பர்குளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துப்போகும். இரண்டு தட்டையான பக்கங்களை வழுக்கவிடாமல் பிடிப்பதில் அது கெட்டி, ஆனால் ஒரு ஓரத்திலிருந்து உரித்தால் பட்டென்று விட்டுவிடும். ஊக்கைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் நாம் அந்த ஊசித் தகட்டை உரிக்கத்தான் செய்கிறோம். கொழும்பின் ஈரக்காற்றில் அதன் பிடி நாளடைவில் இன்னும் குறையும். சூடாக்கி ஒட்டும் குச்சிப் பசை அதைவிட மோசம், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இளகிவிடும்.

இரண்டு குழாயிலிருந்து கலந்து பூசும் எபொக்சி வாங்குங்கள். பட்ஜின் முதுகையும் தகட்டையும் சாண்ட் பேப்பரால் நன்றாகச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, அதற்குப் பிறகு கையால் தொடாமல் ஒட்டி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். துளை உள்ள தகடாக இருந்தால் பசை துளை வழியாக மேலே வந்து குமிழ் மாதிரி உறையும், அது ஆணி அடித்ததற்குச் சமம். ஐஸ்கிரீம் டப்பா போன்ற மெழுகுத்தன்மையான பிளாஸ்டிக்கில் எபொக்சியும் பிடிக்காது, அதில் பட்ஜ் செய்தால் துளைத்துத் திருகத்தான் வேண்டும். ஒட்டிய தகட்டில் தடிப்பான ஸ்பிரிங் ஊசி வேண்டாம், திறக்கச் சிரமமான ஊசிதான் தகட்டைப் பிடுங்குகிறது. மெல்லிய ஊசி, நுனியைச் சுற்றித் திருப்பி மூடும் பூட்டு, அது போதும்.

கேள்வி: என் சின்ன வயதில் நவம்பர் மாதத்தில், போரில் இறந்த படைவீரர்களின் நினைவாக விற்கும் கடதாசிப் பொப்பிப் பூவை வெறும் குண்டூசியால்தான் குத்துவோம். பூட்டு இல்லை, ஆனாலும் விழாது. எப்படி?
– மூத்த வாசகர், தெஹிவளை

பதில்: கடதாசிப் பூவுக்குப் பாரமே இல்லை ஐயா. குண்டூசி துணிக்குள் போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும்போது துணி அதை மூன்று இடத்தில் வளைத்துப் பிடிக்கிறது, அந்த உராய்வே பூட்டு. ஒரு நாளைக்கு அது தாராளம். அதே குண்டூசியில் வெள்ளவத்தை ரீச்சரின் கேடயத்தைக் குத்திப் பாருங்கள், வாசலைத் தாண்டாது.

பொப்பி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1930களில் அதே நவம்பர் 11இல், பொப்பி விற்ற பணம் பெரும்பாலும் பிரித்தானியாவுக்கே போகிறது என்று எதிர்த்து, இங்கே சூரியமல் விற்ற இளைஞர் இயக்கம் ஒன்று இருந்தது. சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, நம் வேலிப் பூவரசம்பூதான். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது நிவாரண வேலையில் இறங்கியவர்களும் அவர்கள்தான். சட்டையில் எந்தப் பூவைக் குத்துகிறீர்கள் என்பதை வைத்தே ஆளை அடையாளம் கண்டிருப்பார்கள், குண்டூசி என்னவோ இரண்டுக்கும் பொதுதான்!

கேள்வி: பட்ஜ் ஊசியின் துரு வெள்ளைச் சேர்ட்டில் பிடித்துவிட்டது. என்ன போட்டாலும் போகவில்லை.
– இல்லத்தரசி, வத்தளை

பதில்: "என்ன போட்டாலும்" என்றால் பிளீச்சும் போட்டிருப்பீர்கள், அதுதான் வம்பு, குளோரின் பிளீச் துருக்கறையை இன்னும் இறுக்கிவிடும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் குழைத்துக் கறையில் தடவி, வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்துக் கழுவுங்கள், தேவைப்பட்டால் இரண்டு மூன்று தரம். பிளீச் எல்லாம் நன்றாக அலசிப் போன பிறகுதான் புளி தடவவேண்டும், இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும். கறை போகும்வரை மினுக்கவும் வேண்டாம். பித்தளை ஊசி துருப்பிடிக்காது, வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு.