யாரும் அழாத சாவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த மாதம் அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ நாவலை எடுத்துக்கொண்டோம். பாத்திரங்கள் அதிகம், யார் யாரென்று தாளில் எழுதிவைத்துப் படிக்கவேண்டியிருந்தது என்றார் ஒருவர். இன்னொருவர் பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டாராம், அதன்பின் சுவாரசியம் போய்விட்டதாம். துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளின் கதை என்றார்கள், அவரோ அவ்வப்போதுதான் தலைகாட்டுகிறார் என்பது மற்றொருவரின் குறை. எனக்கு இருந்த நெருடல் வேறு. ஒரு மனிதர் சுட்டுக் கொல்லப்படுகிறார், ஊரில் யாரும் அழுவதாகத் தெரியவில்லை. டீ குடித்துக்கொண்டு வம்பு பேசுகிறார்கள். மனித உயிருக்கு இவ்வளவுதான் மதிப்பா? இதையெல்லாம் இலக்கியம் என்று சொல்ல முடியுமா? அவருடைய நூல்களில் அடுத்து எதை வாசிக்கலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீக்கிவிட்டு வெளியிட்டிருக்கிறேன். நண்பர் கண்டுபிடித்த கொலையாளியின் பெயரை அப்படியே எழுதியிருந்தீர்கள். தொண்ணூறு வருடம் தாண்டிய புத்தகம்தான். ஆனாலும் நாளைக்கு அதை முதன்முதலாகக் கையில் எடுக்கப்போகிறவர் ஒருவர் இருப்பார் இல்லையா? நன்றாகப் படிக்கிறவர்களே இதைச் செய்தால் யாரைப் போய்ச் சொல்வது?

பாத்திரங்கள் அதிகம் என்பதைக் கிறிஸ்டியே தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கிளைக்கதைகளும் அதிகம் என்கிறார். ஆகவே அந்த வழக்கு முடிந்தது. மிஸ் மார்ப்பிள் விஷயமும் அப்படித்தான். 1927 டிசம்பரில் ஒரு சிறுகதையில் தலைகாட்டியவர், நாவலுக்குள் நுழைவது 1930-ல் வந்த இந்தப் புத்தகத்தில்தான். பக்கத்து வீட்டுக் கிழவியாக ஓரத்தில் நிற்கிறார். நின்றுவிட்டுப் போகட்டும்.

பாதியிலேயே கண்டுபிடித்த நண்பருக்கு ஒரு செய்தி. ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்படவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதாவது நீங்கள் கண்டுபிடிப்பதற்கு வழிவைத்துத்தான் எழுதுகிறார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று புத்தகத்தின்மேல் கோபித்துக்கொள்வது என்ன நியாயம்?

இனி உங்கள் நெருடலுக்கு வருகிறேன். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். யாரும் அழவில்லை என்கிறீர்கள். முதல் உலகப்போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகளில் வந்த நாவல் இது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைப் பறிகொடுத்த தேசம். கிறிஸ்டியும் போர்க்காலத்தில் டார்க்கி நகர மருத்துவமனையில் தாதியாக இருந்தவர், பிறகு மருந்தகத்தில் வேலை பார்த்தவர். அழுது களைத்த ஜனங்களுக்கு அழுகை இல்லாத ஒரு சாவு தேவைப்பட்டது என்று விளக்கம் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை.

முதல் அத்தியாயங்களை எப்படிப் படித்தீர்கள்? செயின்ட் மேரி மீட் கிராமத்தில் பாதிரியார் வீட்டு மதியச் சாப்பாடு. கெட்டியான மாட்டிறைச்சியோடு மல்லுக்கட்டி அறுத்து முடித்த பாதிரியார் லியனார்ட் கிளெமெண்ட், கர்னல் புரோத்தரோவை யாராவது கொன்றுபோட்டால் உலகத்துக்கே நல்லது என்கிறார். சொன்னவர் பாதிரியார், கையில் கத்தி! நாளைக்கு அந்த ஆள் ரத்த வெள்ளத்தில் கிடந்தால் இந்தப் பேச்சு உங்களுக்கு எதிராக வரும் என்று உறவுக்காரப் பையன் டென்னிஸ் கிண்டல் செய்கிறான். கர்னலின் மகள் லெட்டிஸ், அப்பா பெரிய மனது பண்ணிச் செத்துப்போனால் என் பிரச்சினை தீர்ந்தது என்று அதே பாதிரியாரிடம் சொல்கிறாள். அப்படிப் பேசக்கூடாது என்று அவளைக் கண்டிக்கிறார் அவர், அதுதான் வேடிக்கை. கொலைக்குப் பிறகு மிஸ் மார்ப்பிள், கர்னல் ஒழிந்ததில் சந்தோஷப்படக்கூடியவர்கள் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள் என்று அமைதியாகக் கணக்குச் சொல்கிறார்.

பாதிப்பேர் மனதுக்குள் ஏற்கெனவே செய்து முடித்திருந்த காரியத்தை யாரோ ஒருவர் கையால் செய்துவிட்டார். அந்த ஊரில் யார் அழுவது, சொல்லுங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் வட்டிக்கு விடும் பெரியவர் ஒருவர் இருந்தார். தெருக்குழாயில் அவர் வீட்டுக் குடம் நிறைந்த பிறகுதான் மற்றவர்கள் குடம் வைக்கலாம். ஒருநாள் அம்மா குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டே, பாடை ஏறப்போறவன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நாலு பேர் கேட்டார்கள். அந்த வாரமே அவர் தூக்கத்தில் போய்விட்டார். சாவு வீட்டில் சொந்தப் பெண்கள்கூடப் பேருக்குத்தான் அழுதார்கள். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுத அழுகையைத் தெருவே பார்த்தது. கருநாக்குக்காரி என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் கொஞ்சம். தன் நாக்கு உண்மையிலேயே அப்படித்தானோ என்ற பயம் அதைவிட அதிகம். அதன்பிறகு எவ்வளவு ஆத்திரம் வந்தாலும், நல்லா இருப்பே, நல்லா இரு என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவாள்.

அந்தப் பாதிரியாருக்கு மாரில் அடித்துக்கொள்ளும் வசதி இல்லை. அவர் ஊரில் அதெல்லாம் வழக்கம் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலைப் பிரசங்கத்தைப் பாருங்கள். வழக்கமாக அறிவாளித்தனமாக, யாருக்கும் வலிக்காமல் பேசுகிறவர், அன்றைக்கு நீதிமான்களை அல்ல, பாவிகளையே மனந்திரும்ப அழைக்க வந்தேன் என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு ஆவேசம் வந்தவர்போல் முழங்குகிறார். தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே புரியவில்லை. அந்தப் பேச்சு உட்கார்ந்திருந்த ஒருவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைச் சொன்னால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன். என் கணக்கில் அதுதான் அந்த ஊரின் ஒப்பாரி. நீங்கள் கண்ணீரைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளியிருக்கிறீர்கள். கடிதத்தில் பிரசங்கம் பற்றி ஒரு சொல் இல்லை.

கவிஞர் ஆடன் 1948-ல் துப்பறியும் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கதைகளுக்குத் தான் அடிமை, புகையிலைக்கும் மதுவுக்கும் அடிமையாவதுபோல என்று ஆரம்பிப்பார். களங்கமற்ற ஒரு ஊர், அதில் ஒரு கொலை, எல்லோர்மேலும் சந்தேகம், குற்றவாளி பிடிபட்டதும் ஊர் மறுபடியும் களங்கமற்றதாகிறது, வாசகனுக்கு ஏதேன் தோட்டத்துக்குத் திரும்பிய சுகம் என்பது அவர் வாதம். பெரிய மனிதர், மறுத்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் செயின்ட் மேரி மீட் கொலைக்கு முன்னால் எந்த நாளில் களங்கமற்று இருந்தது? பாதிரியார் வீட்டு வேலைக்காரி மேரிக்குச் சமைக்க வராது, மரியாதையாகப் பேசத் தெரியாது. சமையல் கற்றுக்கொண்டால் அதிகச் சம்பளத்துக்கு வேறு வீட்டுக்குப் போய்விடுவாள், இப்படியே இருக்கட்டும் என்று கணக்குப் போடுகிறாள் எஜமானி கிரிசெல்டா. சிரித்துக்கொண்டேதான் படிக்கிறோம். நல்ல மனதுள்ள அந்த கிரிசெல்டாவுக்கே இப்படி ஒரு கணக்கு. இதில் ஏதேன் எங்கே வந்தது?

இலக்கியமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இந்தக் கேள்வி அலுத்துவிட்டது, விடுங்கள். அடுத்து எதை வாசிப்பது என்பதும் அப்புறம் இருக்கட்டும். இதையே இன்னொருமுறை எடுங்கள். யார் கொன்றது என்று தெரிந்துவிட்டபடியால் இந்தத் தடவை அந்த அவசரம் இருக்காது. லெட்டிஸ் வாயைத் திறக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் போங்கள்.